பழகக் கற்றுக்கொடுக்க எந்த வழி? ஒரு சனிக்கிழமை வகுப்பின் கணக்கு

சிங்கப்பூரில், சமூக மன்றத்து அறை ஒன்றில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பு எங்களுடையது. தொடக்கநிலை 3 முதல் 6 வரை படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். நடத்துபவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள்: பல்கலைக்கழக மாணவர்கள், சில அம்மாக்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி கட்டுரை, கருத்தறிதல், வாய்மொழிப் பயிற்சி என்று போய்விடும். மீதி இருக்கும் அரை மணி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் கோபத்தைக் கையாள வேண்டும், அடுத்தவர் நிலையை யோசிக்க வேண்டும், தப்பு செய்தால் ஒப்புக்கொண்டு சரிசெய்ய வேண்டும். இதில் பெற்றோர் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை.

பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழு, புளோக்குக் கீழே துணைப்பாடம் நடத்தும் இளையர் குழு என்று பலருக்கும் இதே கேள்வி வரும். அவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

வழிகளை எடைபோட ஒரு நிலைமையைக் கையில் வைத்துக்கொள்வோம். தொடக்கநிலை 5ல் படிக்கும் பையன் ஒருவன். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண்பிள்ளை பேசும் தமிழை அப்படியே இழுத்துப் பேசிக் காட்டுகிறான். நான்கைந்து பேர் சிரிக்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைக்கிறாள். அடுத்த வாரத்திலிருந்து வாய்மொழிப் பயிற்சியில் அவள் வாய் திறப்பதில்லை. கற்பனை நிலைமைதான், ஆனால் இங்கே தமிழ்ப் பிள்ளைகளோடு வேலை செய்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. சீனப் பிள்ளையோ மலாய்ப் பிள்ளையோ நம் பிள்ளையின் நிறத்தைப் பற்றி ஏதாவது சொன்னால் கொதிக்கிற நாம், நமக்குள்ளேயே 'ஊரிலிருந்து வந்தவர்கள்', 'உள்ளூர்க்காரர்கள்' என்று நடப்பதைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். ஒவ்வொரு வழியும் இந்த இடத்தில் என்ன செய்யும் என்று கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

முதலில் பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அங்கே நடப்பதையே சனிக்கிழமையும் நடத்தினால் பிள்ளைகள் நம்மை மன்னிக்க மாட்டார்கள்.

குணநலன், குடியியல் கல்வி, அதாவது எல்லாரும் சிசிஇ என்று சொல்வது, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நேரம் ஒதுக்கி நடக்கிற பாடம். தொடக்கப்பள்ளியில் அதைத் தாய்மொழியில், தாய்மொழி ஆசிரியர் எடுக்கிறார். மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம் என்ற ஆறு விழுமியங்களும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலேயே வந்து சேர்கின்றன. இது போக, வகுப்பாசிரியர் பிள்ளைகளோடு பேசுவதற்கென்று எஃப்டிஜிபி நேரம் உண்டு. சமூக, உணர்வுத் திறன்களுக்கான கட்டமைப்பைக் கல்வி அமைச்சு 2005ல் கொண்டுவந்தது. தன்னை அறிவது, தன்னை ஆள்வது, பிறரைப் புரிந்துகொள்வது, உறவுகளைப் பேணுவது, பொறுப்பாக முடிவெடுப்பது என்ற அதன் ஐந்து திறன்களும் இந்தக் கல்விக்கென்றே அமெரிக்காவில் 1994ல் தொடங்கிய கேசல் அமைப்பின் பட்டியலோடு ஒத்துப்போகும். 2021லிருந்து நடப்புக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் மனநலத்துக்கும் இணையத்தில் நடந்துகொள்ளும் முறைக்கும் கூடுதல் இடம் கிடைத்தது. பள்ளிகளில் ஆலோசகர்களும் இருக்கிறார்கள்.

ஆக, உள்ளடக்கத்தில் குறை சொல்ல முடியாது. இடம்தான் நெருக்கடி. தொடக்கநிலை 3லிருந்து ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் வரை இருக்கலாம். தமிழ் வகுப்பு அதைவிடச் சின்னதாக இருந்தாலும் பல வகுப்புகளிலிருந்து வந்து கூடி, பாடம் முடிந்ததும் கலைந்துவிடும். ஒரு பிள்ளை "என்னைக் கேலி பண்றாங்க" என்று வாய் திறந்து, மற்றவர்கள் அதைக் கேட்டு, அதற்கு மேலும் பேசுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? சனிக்கிழமை வகுப்புக்கு உள்ள அனுகூலம் ஆள் குறைவு, அவசரம் குறைவு என்பதுதான். எந்த வழியை எடுத்தாலும் அந்த அனுகூலத்தைப் பயன்படுத்துகிற வழியாக இருக்க வேண்டும்.

இனி யோசனைகளுக்கு வருவோம். சமய வகுப்போடு சேர்த்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். சமயம் நல்லதைத்தானே சொல்கிறது என்பது அவர்கள் வாதம். சிங்கப்பூர் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு. 1982ல் அறிவித்து, 1984லிருந்து உயர்நிலை 3, 4 மாணவர்களுக்குச் சமய அறிவுப் பாடம் கட்டாயமானது. இந்து சமயம், இஸ்லாம், பைபிள், பௌத்தம், கன்பூசிய நெறி என்று பாடங்கள் இருந்தன, பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1989ல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட அரசு முடிவெடுத்தது. சமய ஆர்வமும் மதப் பரப்புரையும் கூடிவந்ததைக் கண்டு எழுந்த கவலை அதற்கு முக்கியக் காரணம். 1990ல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 1992லிருந்து குடியியல், நன்னெறிக் கல்வி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் அறையில் இந்துப் பிள்ளையும் இஸ்லாமியப் பிள்ளையும் கிறிஸ்துவப் பிள்ளையும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். தமிழ் வகுப்பு சேர்த்து வைத்ததைச் சமய வகுப்பு மூன்று அறையாகப் பிரிக்கும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் நடக்கும் வகுப்புகளுக்கு அவற்றுக்குரிய இடம் இருக்கிறது, பிள்ளைகள் அங்கே போகட்டும். எங்களுக்கு இது ஒத்துவராது.

அடுத்தது திருக்குறளும் நீதிக்கதைகளும். பெற்றோரில் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான், அதுவும் மனப்பாடமாக. எத்தனை குறள் ஒப்பிக்கிறான் என்று எண்ணிச் சொல்ல முடியும், பரிசு கொடுக்க முடியும், மேடை ஏற்றிப் படம் எடுக்க முடியும். செலவும் இல்லை. தொண்டூழியர் யார் வந்தாலும் நடத்தலாம். தமிழும் வளரும். இவ்வளவு நல்லது இருக்கிற வழியை லேசாகத் தள்ளிவிட முடியாது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் பையனை இந்த வகுப்பில் உட்காரவைத்தால் இனியவை கூறல் அதிகாரத்தை ஒரு மாதத்தில் ஒப்பித்துவிடுவான். அப்புறம் இடைவேளையில் மறுபடியும் இழுத்துப் பேசிக் காட்டுவான். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதே அவனுக்குத் தோன்றாது. குறளில் குறையில்லை. நாம் அதைப் பயன்படுத்துகிற விதத்தில் பிள்ளைக்கு யோசிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. நீதிக்கதையில் நரி ஏமாற்றும், காக்கை ஏமாறும், கடைசி வரியில் நீதி வரும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடைசி வரி கதை தொடங்கும்போதே தெரியும். சரியான விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். தேர்வுக்குப் பழகிய பிள்ளைகள் இவர்கள், என்ன விடை எதிர்பார்க்கப்படுகிறது என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள்.

வேறு விதமாகவும் செய்யலாம். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். தன் கோபம் பலிக்கிற இடத்தில் அடக்கிக்கொள்பவனே கோபத்தை அடக்கியவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறது. இதைப் பொருள் சொல்லி முடிக்காமல், தொடக்கநிலை 6 பிள்ளைகளிடம் கேள்வியாக வைக்கலாம். பிரின்சிபாலிடம் அடக்கிக்கொள்கிற கோபத்தைத் தங்கையிடம் காட்டுகிறோமே, அது அடக்கமா பயமா? வீட்டில் வேலைக்கு இருக்கும் அக்காவிடம் எப்படிப் பேசுகிறோம்? பலிக்காத இடத்தில் அடக்கினாலும் ஒன்றுதான் அடக்காவிட்டாலும் ஒன்றுதான் என்பது சரியா? வள்ளுவரோடு சண்டை போடலாம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள். அடுத்த குறளில் அவரே, பலிக்காத இடத்திலும் கோபம் தீது என்று சொல்லியிருப்பதைக் காட்டினால் விவாதம் இன்னும் சூடுபிடிக்கும்.

ஆனால் இதற்கு நடத்துபவர் தேர்ந்தவராக இருக்க வேண்டும். எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா செய்வார். இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும் தம்பி, பாவம், அரை மணி நேரம் இதை இழுத்துப் பிடிப்பது கஷ்டம். தவிர, விவாதம் நியாயம் பற்றிய யோசனையைக் கூர்மையாக்கும். அந்த நேரத்துக் கோபத்தில் கையை வாயைக் கட்டுப்படுத்தும் பழக்கம் தனியாகத்தான் வர வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கு நேரடியாகப் பயிற்சி கொடுப்பது அடுத்த வழி. உணர்வுக்குப் பெயர் சொல்வது, கோபம் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று கவனிப்பது, நிறுத்தி மூச்சு விடுவது, கேலியை நிறுத்தச் சொல்லும் வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவது, நண்பன் கேலி செய்யும்போது சிரிக்காமல் இருப்பதை நடித்துப் பார்ப்பது. வாரத்துக்கு ஒரு திறன், படிப்படியாக. ஆய்வுகளில் இந்த வழிக்குத்தான் கனமான ஆதரவு இருக்கிறது. ஜோசஃப் டர்லாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2011ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 213 பள்ளித் திட்டங்களை, சுமார் 270,000 மாணவர்களை உள்ளடக்கியது. சமூக, உணர்வுத் திறன்கள் மட்டுமல்லாமல் படிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது. நடுவில் நிற்கிற மாணவர் நூறு பேர் வரிசையில் 11 இடம் முன்னே போவதற்குச் சமம்.

அந்த ஆய்வில் எங்களுக்கு அதைவிட முக்கியமான இரண்டு சேதிகள் உண்டு. ஒன்று, படிப்படியாக அடுக்கி, செய்து பழகவைத்து, போதிய நேரம் ஒதுக்கி, இந்தத் திறனைத்தான் இன்று கற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்திய திட்டங்களே நன்றாகப் பலன் தந்தன. இரண்டு, பள்ளியின் சொந்த ஆசிரியர்கள் நடத்தியபோது கிடைத்த பலன் வெளியாட்கள் நடத்தியபோது கிடைத்ததைவிட விரிவாக இருந்தது. படிப்பில் முன்னேற்றம் சொந்த ஆசிரியர்கள் நடத்திய திட்டங்களில்தான் தெரிந்தது. இந்த இரண்டாவது சேதியைப் பின்னால் பயன்படுத்துவேன்.

இந்த வகையில் அமெரிக்கப் பாலர் பள்ளிகளில் பரவிய 'ஆமை உத்தி' எனக்குப் பிடித்தது. கோபம் வந்ததும் பிள்ளை ஆமையைப் போல் ஓட்டுக்குள் போவதாக நினைத்துக் கை கால்களை இழுத்துக்கொள்ளும், மூச்சு விடும், என்ன செய்யலாம் என்று யோசித்து வெளியே வரும். அடக்கமுடைமை அதிகாரத்தில் ஐம்புலனையும் ஆமைபோல் அடக்கச் சொன்னது நமக்கு எவ்வளவு பழைய சங்கதி! தாத்தா பாட்டிகளிடம் புது முறை என்று விளக்கம் கொடுக்க வேண்டிய வேலை மிச்சம்.

குறைகளும் உண்டு. தொடக்கநிலை 3 பிள்ளை ஆமையாக ஆனந்தமாக மாறும், தொடக்கநிலை 6 பிள்ளை கண்ணை உருட்டும். உணர்ச்சி முகங்கள் வரைந்த அட்டையைப் பள்ளியிலும் பார்த்திருப்பார்கள். இன்னொன்று, நடிப்புப் பயிற்சியில் எல்லாரும் நல்லவர்கள். நம் பையன் பயிற்சியில் "நிறுத்து, அவளுக்குப் பிடிக்கலை" என்று அழகாகச் சொல்வான். நிஜத்தில் கேலி செய்தவனே அவன்தான் என்பதைப் பாடம் தொடுவதே இல்லை. இடைவெளி சின்னதாகிறது, மூடவில்லை.

தியான மூச்சுப் பயிற்சியை மட்டும் தனியாக எடுத்து அரை மணி நேரமும் செய்யலாம் என்று ஓர் அம்மா சொன்னார். அமைதி கிடைக்கும் என்பது நம் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத விஷயம். ஆனால் பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட பதின்ம வயதினரிடம் நடத்தி 2022ல் வெளிவந்த மிரியட் ஆய்வு, வழக்கமான சமூக, உணர்வுக் கல்வியைவிட மனமுழுமைப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) கூடுதல் பலன் தரவில்லை என்று கண்டது. பல பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. தொடக்கத்தில் இரண்டு நிமிடம் மூச்சு விடச் சொல்வதில் தடையில்லை, அரை மணி நேரத்தை அதற்கே கொடுக்க நான் தயாரில்லை.

வெளியாளை வைத்து விடுமுறை முகாம் நடத்தும் யோசனை கூட்டத்துக்குக் கூட்டம் வருகிறது. ஜூன் விடுமுறையிலும் நவம்பர், டிசம்பரிலும் தலைமைத்துவம், தன்னம்பிக்கை, உணர்வறிவு என்று முகாம்கள் நிறைய. நடத்துபவர்கள் திறமைசாலிகள், பிள்ளைகள் சந்தோஷமாக வருவார்கள், சிலர் அழுதுகூட விடுவார்கள். இரண்டு நாளில் பயிற்சியாளர் போய்விடுவார். மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் கேலியை அவர் பார்க்கப் போவதில்லை. டர்லாக் ஆய்வின் இரண்டாவது சேதி இங்கேதான் உதவுகிறது. கையில் பணம் இருந்தால் அதே பயிற்சியாளரை எங்கள் தொண்டூழியர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்வேன். முகாமின் படங்கள் அழகாக வரும் என்பதால் நன்கொடை கொடுப்பவர்களுக்கு இது பிடிக்கும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சேவை வழியை இவ்வளவு சுருக்கமாகத் தள்ள முடியாது. பள்ளிகள் 1997ல் சமூக ஈடுபாட்டுத் திட்டத்தைத் தொடங்கின. மாணவர் ஆண்டுக்கு 6 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்று இருந்தது. 2012ல் அது விஐஏ, அதாவது 'செயலில் விழுமியங்கள்' திட்டமாக மாறியது. மணிக்கணக்கைவிட, ஏன் செய்கிறோம், என்ன கற்றோம் என்று மாணவர் யோசிப்பதற்கு முக்கியத்துவம் கொடுப்பது அந்த மாற்றத்தின் நோக்கம். நல்ல மாற்றம். ஆனாலும் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையும் தலைமைத்துவமும் சேவையும் சேர்ந்து பதிவாகி, தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகும்போது இரண்டு புள்ளி வரை சலுகை கிடைக்கிறது. சலுகை தப்பென்று சொல்லவில்லை. புள்ளிக்காகச் செய்கிற சேவைக்கும் மனத்துக்காகச் செய்கிற சேவைக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது என்பதுதான் சங்கடம், பிள்ளைக்கே சில சமயம் தெரியாது.

முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வருவது எங்கள் வட்டாரத்தில் வழக்கமான சேவை. ஒரு மணி நேரம் பாடுகிறோம், பைகளைக் கொடுக்கிறோம், கும்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறோம். போனவர்களைவிட அங்கே இருப்பவர்கள் பொறுமைசாலிகள். ஒரே தாத்தாவை ஒரே பிள்ளை ஆண்டு முழுக்கப் பார்க்கப் போனால் கதை வேறு, ஆனால் பத்து வயதுப் பிள்ளையை அப்படி அழைத்துப்போக ஆள் வேண்டும், அனுமதி வேண்டும். இதைவிட எளிதாக, அறைக்குள்ளேயே சேவை இருக்கிறது. தொடக்கநிலை 6 பிள்ளை தொடக்கநிலை 3 பிள்ளைக்கு வாரம் பத்து நிமிடம் வாசித்துக் காட்டட்டும். தனக்குக் கீழே இருக்கிற பிள்ளையின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள அது கற்றுத்தரும், மணிக்கணக்கு எங்கேயும் பதிவாகாது. நம் பையனை, அவன் கேலி செய்த பெண்பிள்ளையோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கவைத்தால்? வாசிப்பில் அவள் கெட்டிக்காரி என்பது அவனுக்கு அப்போதுதான் தெரியவரலாம். நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

கடைசி யோசனையில் பாடம் எதுவும் இல்லை. சண்டை வரும்போது பெரியவர்கள் அதைக் கையாளும் விதத்தை மாற்றுவதுதான் அது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து எடுத்து, 1989ல் சட்டமாகவே கொண்டுவந்த குடும்பக் கூடல் முறை இதன் வேர்களில் ஒன்று. தப்பு செய்த பிள்ளையும் குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் கூடிப் பேசி வழி காண்பது அது. பிறகு பள்ளிகளுக்கும் பரவியது. சிங்கப்பூரிலும் சில பள்ளிகள் 2000களின் நடுவில் இதைச் செய்து பார்க்கத் தொடங்கின. நடைமுறை எளிது. "ஏன் செஞ்சே?" என்று கேட்பதில்லை, ஏனென்றால் அதற்குப் பிள்ளை சொல்வது சாக்குத்தான். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யாருக்கு என்ன ஆனது, சரிசெய்ய என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம், உனக்கு எது கஷ்டமாக இருந்தது, இப்போது என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். சிரித்தவர்களும் வட்டத்தில் உட்கார்கிறார்கள்.

"பஞ்சாயத்து வைக்கப் போறீங்களா?" என்று ஓர் அப்பா கேட்டார். நல்ல கேள்வி. பஞ்சாயத்தில் நாட்டாமை தீர்ப்பு சொல்வார், இங்கே சொல்வதில்லை. என்ன செய்தால் சரியாகும் என்பது பிள்ளைகளின் வாயிலிருந்து வர வேண்டும், பெரியவர் அதற்கு ஒத்துழைத்து, சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பார்.

நம் நிலைமைக்கு வருவோம். இந்த வழியில்தான் அந்தப் பெண்பிள்ளையின் மௌனத்தை யாராவது கவனிக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. "நீ பேசாம இருக்கியே, என்னம்மா?" என்று தொண்டூழியர் அக்கா ஒருத்தி தனியாகக் கேட்பாள். அந்தப் பெண்பிள்ளை சம்மதித்தால்தான் வட்டம். பையன் "சும்மா விளையாட்டுக்கு" என்பான். அது பொய்யாக இருக்காது, அவனுக்கு அது விளையாட்டுத்தான். அவள் மூன்று வாரமாக வாய் திறக்கவில்லை என்பதை அவள் சொல்லி அவன் கேட்கிற நிமிடத்தில் நடப்பது, மற்ற எந்த வழியிலும் நடப்பதற்கு வாய்ப்பில்லாதது. சிரித்தவர்களில் ஒருத்தி, "எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லக்கூடும். சமூகத் திறன், உணர்வுத் திறன், நியாயம் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். ஒரு வட்டத்துக்கு இருபது நிமிடம் போகும். அன்றைக்குக் கருத்தறிதல் பாதியில் நிற்கும், தொடக்கநிலை 6 முடிவில் வரும் பிஎஸ்எல்இ தேர்வு ஆண்டில் இருக்கிற பெற்றோர் முகம் சுளிப்பார்கள். "ஒரு 'சாரி' சொல்லச் சொன்னா முடிஞ்சுது" என்பார்கள். சிலர் இதைச் செல்லம் கொடுப்பது என்பார்கள். பள்ளி விதிகளில் பையன்களுக்கு மட்டும், கடைசி நடவடிக்கையாகப் பிரம்படி இன்னும் இருக்கிற நாட்டில் அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. செய்தவனுக்கு இது சுலபம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தலைகுனிந்து திட்டு வாங்குவதைவிட, பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்துக் கேட்பது பல பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

பயன்படுத்தக் கூடாத இடங்களும் உண்டு. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை மாதக்கணக்கில் திட்டமிட்டு மிரட்டுகிறது என்றால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைப்பது பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு இரண்டாவது அடி. அங்கே முதலில் பாதுகாப்பு, பிரித்து வைப்பது, பெற்றோர், பள்ளி ஆலோசகர். வீட்டில் அடி உதை என்று பேச்சில் வெளிப்பட்டால் அது தொண்டூழியர் கையாளும் விஷயமே இல்லை, வகுப்புப் பொறுப்பாளர் அன்றே உரியவர்களிடம் கொண்டுபோக வேண்டும். இந்த எல்லைகளை எழுதி அறையில் ஒட்டாமல் இந்த வழியைத் தொடங்கக் கூடாது என்பது என் கறாரான கருத்து.

எந்த மொழியில் நடத்துவது என்ற கேள்வியும் கூட்டத்தில் வந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம், 2.5 விழுக்காட்டினர் தமிழ். எங்கள் பிள்ளைகளில் பலர் கோபத்தையும் அழுகையையும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். அழுகிற பிள்ளையிடம் "தமிழில் சொல்" என்று திருத்த வேண்டாம். அது எப்படி வந்தாலும் கேட்டுக்கொண்டு, பெரியவர்கள் தமிழில் பதில் சொன்னால் போதும். தமிழ் வகுப்பில் தமிழ் குறைந்துவிடுமே என்று ஆசிரியர் ஐயாவுக்கு வருத்தம். அவர் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் அந்த இருபது நிமிடத்தில் மட்டும் நான் பிள்ளையின் பக்கம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? எங்கள் வகுப்புக்குச் சண்டையைக் கையாளும் முறையை முதலில் வைக்கிறேன், அதோடு வாரம் பத்து நிமிடம் திறன் பயிற்சி. தொடக்கநிலை 3, 4க்கு ஆமையும் நடிப்பும். 5, 6க்கு அந்தப் பத்து நிமிடத்தில் குறள் விவாதம், ஐயா இருக்கும் வாரங்களில். ஜோடி வாசிப்பு ஆண்டு முழுக்க. முகாம் வேண்டாம். தொண்டூழியர்கள் வாரத்துக்கு வாரம் மாறுகிற குழு என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் வட்டத்தை நடத்துகிறவரைப் பிள்ளைகள் நம்ப வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும். அப்படிப்பட்ட குழு, அச்சிட்டு வைத்த திறன் பயிற்சிகளோடு போவது மேல். பதின்ம வயதினரோடு வேலை செய்கிறவர்கள் சேவையையும் விவாதத்தையும் முன்னே கொண்டுவரலாம், ஆமை அங்கே வேலைக்கு ஆகாது. ஒரு பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவாக இருந்தால், புதிதாக எதையும் தொடங்கும் முன் சிசிஇ ஆசிரியரிடம் இந்தத் தவணை என்ன நடக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது. அதே திறனை வீட்டிலும் பேசவைப்பதுதான் அவர்களால் செய்ய முடிந்த பெரிய உதவி.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று பொருளாளர் கேட்டார். கேள்வித்தாள் கொடுத்தால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த விடையை எழுதுவார்கள். அதைவிட, வாய்மொழிப் பயிற்சியில் பேசாமல் இருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று தவணைத் தொடக்கத்திலும் முடிவிலும் தொண்டூழியர்கள் குறித்து வைக்கட்டும். ஒரே ஜோடிக்குள் திரும்பத் திரும்ப வரும் சண்டை குறைகிறதா என்று பார்க்கட்டும். பெரியவர் அழைக்காமலே ஒரு பிள்ளை வந்து "அவன்கிட்ட பேசணும்" என்று கேட்கிறதா என்பதையும் எழுதிவைக்கலாம். குறிப்புகளில் பெயர் வேண்டாம், பொறுப்பாளரைத் தவிர யாரும் பார்க்கவும் வேண்டாம்.

முதல் வேலை தொண்டூழியர் பயிற்சி. ஒருவர் பையனாக, ஒருவர் பெண்பிள்ளையாக, ஒருவர் கோபக்கார அப்பாவாக நடித்து, அந்த நான்கு கேள்விகளையும் வாயில் பழக்கிக்கொள்ள இரண்டு சனிக்கிழமைகள் போதும். "ஏன் செஞ்சே?" என்பது எங்கள் எல்லாருடைய நாக்கிலும் ஊறிப்போன கேள்வி, அதை நிறுத்துவதற்கே பாதி நேரம் போய்விடும். பெற்றோருக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்ப வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டித் திருக்குறள் போட்டி வழக்கம்போல நடக்கும். இந்த முறை ஒப்பிப்பதற்குப் பாதி மதிப்பெண், நடுவர் கேட்கும் ஒரு கேள்விக்கு யோசித்துச் சொல்லும் பதிலுக்குப் பாதி என்று வைக்கச் சொல்லி ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை.